மொட்டை மாடியில் கேமரா, கையில் போன்: பறவைப் படம் எடுக்க வழி சொல்லுங்கள்

கேள்வி: செல்வி, கவுந்தப்பாடி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வேப்பங்கிளை சாய்ந்து நிழல் தரும் மூலையில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறேன். இந்தச் சித்திரை வெயிலுக்கு அந்தச் சட்டியைத் தேடி வராத குருவி இல்லை. தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து ஒன்றையொன்று தள்ளிவிட்டுக் குளிக்கும். கொண்டைக்குருவி எப்போதும் ஜோடியாகத்தான் வரும். மைனா வந்து உட்கார்ந்தால் மற்றவை ஒதுங்கிக்கொள்ளும். போன வாரம் கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு ஒன்று வந்தது. குண்டுக்கரிச்சான் என்று என் மகன் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னான்.

இவற்றைப் படம் எடுக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் மாடிக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே எல்லாம் பறந்துவிடும். என்னிடம் இருப்பது கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு ட்ரைபாட். கேனானின் கேமரா கனெக்ட் ஆப்பைப் போட்டுக்கொண்டால் கீழே இருந்தபடியே எடுக்கலாம் என்று அறிந்து, போனில் ஏற்றிவிட்டேன். கேமரா பார்ப்பது போனில் அப்படியே தெரிகிறது. பட்டனைத் தொட்டால் படமும் விழுகிறது. முதல் தடவை பார்த்தபோது என் மகன் துள்ளிக் குதித்துவிட்டான்.

அதற்குமேல்தான் சிக்கல். கொஞ்ச நேரத்தில், "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று போனில் ஒரு வரி வருகிறது. அத்தோடு கேமரா போய்விடுகிறது. மறுபடி மாடி ஏறி கேமராவில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது. நான் ஏறினால் குருவிகள் இருக்குமா? இது போனின் கோளாறா, கேமராவின் கோளாறா?

இன்னும் மூன்று சந்தேகங்கள். சமையலறையிலிருந்து பார்த்தால் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது, மாடிப்படியில் நின்றால் நன்றாக இருக்கிறது, ஏன்? பறவைப் படத்துக்கு, தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுத்துக் காட்டும் 600 எம்எம் லென்ஸ் இல்லாமல் முடியாது என்று கடையில் சொல்கிறார்கள், உண்மையா? அப்புறம், போனில் பட்டனைத் தொட்டதும் அந்தச் சதுரம் முன்னும் பின்னும் ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கிறது. அது முடிவதற்குள் குருவி குளித்துவிட்டே போய்விடுகிறது. இதற்கு என்ன வழி?

தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


பதில்: ஸ்டூடியோ மணி, மதுரை

அக்கா, கோளாறு இரண்டிலும் இல்லை. கேமரா தானே ஒரு சின்ன வைஃபையை உருவாக்குகிறது. போன் அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்த வைஃபைக்குப் பின்னால் இணையம் கிடையாது, கேமரா மட்டும்தான் இருக்கிறது. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்கள், இணையம் வராத வைஃபையைக் கண்டால் 'இது உதவாது' என்று முடிவுகட்டி மொபைல் டேட்டாவுக்கோ வீட்டு வைஃபைக்கோ தாவிவிடும். அந்தத் தாவலில் ஆப்புக்கும் கேமராவுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது இதுதான். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அதன்பிறகு வைஃபையை மட்டும் கையால் ஆன் செய்து, பட்டியலில் கேமராவின் பெயரைத் தொடுங்கள். கடவுச்சொல் கேமராவின் திரையிலேயே இருக்கும். இணையம் இல்லையே, இணைந்தே இருக்கட்டுமா என்று போன் கேட்டால் ஆமாம் என்று சொல்லி, மறுபடி கேட்காதே என்ற கட்டத்தையும் டிக் செய்துவிடுங்கள். இப்படிச் செய்தால் நடுவில் யாரும் கூப்பிட்டும் கெடுக்க முடியாது. விபிஎன் (இணைப்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் ஆப்) ஏதாவது ஓடினால் நிறுத்திவிடுங்கள்.

அனுமதிகளையும் ஒரு தடவை பாருங்கள். பழைய ஆண்ட்ராய்டு என்றால் ஆப்புக்கு லொகேஷன் அனுமதி வேண்டும். ஆண்ட்ராய்டு 12-லிருந்து அருகிலுள்ள சாதனங்கள் என்று தனியாக ஓர் அனுமதி இருக்கிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் ஐஓஎஸ் 14-க்குப் பிறகு லோக்கல் நெட்வொர்க் அனுமதியைக் கொடுத்தே ஆக வேண்டும். அதை மறுத்துவிட்டால் வைஃபை சேர்ந்திருப்பது போலத் தெரியும், ஆப் மட்டும் கேமராவைத் தேடிக்கொண்டே இருக்கும்.

1500டி-யில் புளூடூத் கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கேமராவிலிருந்தே இணைப்பைத் தொடங்க வேண்டியிருக்கிறது. 200டி இரண்டாம் மாடல், ஆர்50 மாதிரி புளூடூத் உள்ளவற்றில், புளூடூத் சத்தமில்லாமல் தொடர்பைப் பிடித்து வைத்திருக்கும், தேவைப்படும்போது ஆப்பே வைஃபையை எழுப்பிவிடும். உங்கள் கேமராவில் ஆட்டோ பவர் ஆஃப்-ஐ நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் கேமரா தூங்கிப் போய், மறுபடி மாடி ஏற வேண்டிவரும்.

சமையலறை விஷயம்: உங்கள் சன்னலில் கொசுவலை இரும்புக் கம்பியா, நைலானா? கம்பி வலை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பெருமளவு தடுத்துவிடும். நைலான் ஒன்றும் செய்யாது. திறந்த வெளியில் சுமார் 15 மீட்டர் வரை இந்தக் கேமராவின் வைஃபை எட்டும். நடுவில் கான்கிரீட் தளம் வந்தால் அதில் பாதிகூடத் தேறாது. மாடிப்படியில் கதவு திறந்திருப்பதால் அங்கே நன்றாக வருகிறது. மைக்ரோவேவ் அடுப்பு ஓடினாலும் அதே அலைவரிசையில்தான் இரைச்சல் வரும்.

கல்யாண மண்டபத்தில் நான் போன் ரிமோட்டைக் குடும்பக் குழுப் படத்துக்கும், மேலே கட்டிய கேமராவில் பந்தியை எடுப்பதற்கும் மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஐந்நூறு பேர் கையில் ஐந்நூறு போன் இருக்கும் இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் முழுக்க நெரிசல். தாலி கட்டும் நேரத்தில் கண்ணை வ்யூஃபைண்டரிலும் விரலை ஷட்டரிலும் வைத்துக்கொண்டுதான் நிற்பேன். உங்கள் மாடியில் அந்த நெரிசல் இல்லை. தாராளமாக வேலை செய்யும்.


பதில்: ஆனைமலை தோப்புக்காரர்

தங்கச்சி, மணி தம்பி வைஃபை விஷயத்தைச் சுத்தமாகச் சொல்லிவிட்டார். லென்ஸும் ஃபோகஸும் பற்றி நான் சொல்கிறேன். இந்த முறையில்தான் எங்கள் தென்னந்தோப்பில் பல வருஷமாகப் பறவைகளைப் பார்த்துவருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

முதலில் லென்ஸ். காசைச் செலவழிக்காதீர்கள். 600 எம்எம் எதற்கு? மனிதன் தூரத்தில் நிற்க வேண்டியிருப்பதால். இங்கே மனிதனே இல்லையே. கேமரா மட்டும்தான் நிற்கிறது, அதற்குக் கையும் இல்லை, நடையும் இல்லை. குருவிகள் பயப்படுவது நம் உருவத்துக்கும் அசைவுக்கும்தான். அசையாத பொருளை இரண்டொரு நாளில் அவை ஏற்றுக்கொள்ளும். உங்கள் 18-55 லென்ஸை 55-ல் வைத்து, சட்டியிலிருந்து 1 மீட்டர் தள்ளி ட்ரைபாடை நிறுத்தினால், படத்தின் அகலத்துக்குள் சுமார் 40 செ.மீ. இடம் அடங்கும். கொண்டைக்குருவி அலகிலிருந்து வால்வரை சுமார் 20 செ.மீ. அதாவது குருவி படத்தில் பாதியை நிறைக்கும். இதற்குமேல் என்ன வேண்டும்?

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆப்பிலிருந்து ஜூம் செய்ய முடியாது, உங்கள் லென்ஸில் அது கையால் திருகுவது. சட்டி சட்டகத்தில் எங்கே இருக்க வேண்டும், பின்னால் என்ன தெரிய வேண்டும் என்பதையெல்லாம் மாடியிலேயே முடிவுசெய்து வைத்துவிட்டு இறங்குங்கள். கேமராவின் உயரத்தைச் சட்டி விளிம்புக்குச் சமமாகக் கொண்டுவாருங்கள். ட்ரைபாட் அவ்வளவு தாழாவிட்டால் சட்டியை இரண்டு செங்கல்மேல் ஏற்றுங்கள். மேலிருந்து எடுத்தால் குருவியின் முதுகுதான் கிடைக்கும். சமமாக எடுத்தால் கண்ணுக்குக் கண் பார்க்கலாம்.

அடுத்து ஃபோகஸ். 1500டி-யில் லைவ் வியூவுக்கு, அதாவது காட்சியைத் திரையில் பார்த்து எடுப்பதற்கு, என்று தனி ஃபோகஸ் அமைப்பு கிடையாது, சென்சார் படத்தின் தெளிவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். அதனால்தான் அந்தச் சதுரம் தேடிக்கொண்டே இருக்கிறது. ஃபோகஸ் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சென்சாரே கணிக்கும் டூயல் பிக்சல் உள்ள கேமராக்களில் இந்தத் தொல்லை இல்லை. உங்களுக்கு வழி, ஃபோகஸை முன்கூட்டியே பூட்டிவிடுவது. குருவி எப்போதும் உட்காரும் விளிம்பில் ஒரு வேப்பங்குச்சியை நிறுத்தி வையுங்கள். அதன்மேல் ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸின் பக்கவாட்டில் உள்ள ஸ்விட்சை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ்) தள்ளிவிடுங்கள். குச்சியை எடுத்துவிடுங்கள். இனி ஃபோகஸ் நகராது, பட்டனைத் தொட்டதும் படம் விழும். லென்ஸ் துளையின் அளவை எஃப் 8-ல் வைத்தால், 1 மீட்டர் தூரத்தில், 55 எம்எம்-இல் முன்னும் பின்னுமாகச் சேர்த்துச் சுமார் 10 செ.மீ. ஆழம் தெளிவாக இருக்கும். குருவி விளிம்பில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் கண் தெளிவாக விழும். இதையே 250 எம்எம் லென்ஸ் போட்டு 3 மீட்டரிலிருந்து எடுத்தால் அந்த ஆழம் 4 செ.மீ. சொச்சம்தான். கிட்ட வைப்பதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

வெளிச்சத்தைக் கேமராவின் முடிவுக்கு விடாமல் மேனுவலில் வையுங்கள். குண்டுக்கரிச்சான் போல கறுப்பும் வெள்ளையும் கலந்த பறவை நடுவில் வந்து நின்றால் ஆட்டோ குழம்பும். மர நிழலில் எஃப் 8, ஷட்டர் 1/400 நொடி, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 800 என்று தொடங்குங்கள். ஒரு படம் எடுத்துப் பார்த்து, ஆப்பிலேயே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். மோட் டயலை மட்டும் முதலிலேயே கையால் எம்-இல் திருப்பி வைக்க வேண்டும்.

போனில் தெரியும் காட்சி உண்மையான நேரத்தைவிட ஒரு நொடியின் பகுதி பின்னால்தான் ஓடும். நீங்கள் தொட்டு, அது போய்ச் சேர்ந்து, ஷட்டர் திறக்க இன்னொரு பகுதி. தண்ணீரைச் சிலுப்பும் நொடியைப் பார்த்துத் தொட்டால் சிலுப்பி முடித்த குருவிதான் கிடைக்கும். ஆகவே முன்கூட்டி ஊகித்துத் தொட வேண்டும். தவிட்டுக்குருவி தலையை முக்கி எடுத்தால் அடுத்ததாகச் சிறகை உதறும். தலை தண்ணீருக்குள் போகும்போதே தொட்டுவிடுங்கள். இது ஆப்பில் வராது, பறவையைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

கேமராவைப் பழக்க வேண்டியதும் முக்கியம். எடுத்த எடுப்பில் கேமராவை வைக்காமல், அந்த இடத்தில் அதே உயரத்துக்கு ஒரு காலி அட்டைப்பெட்டியை வெள்ளைத் துணி சுற்றி வையுங்கள். குருவிகள் அதைச் சட்டை செய்யாமல் குளிக்க ஆரம்பித்ததும், பெட்டியை எடுத்துவிட்டு அதே துணி போர்த்தி கேமராவை வையுங்கள். ஷட்டர் சத்தத்துக்கு முதலில் துள்ளும். சத்தத்துக்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டால் கண்டுகொள்ளாது. முதல் நாள் ஒரு பறவைக்கு ஒரு படத்துக்குமேல் எடுக்க வேண்டாம்.

வெயில் விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தக் கேமரா வேலை செய்ய உகந்த வெப்பநிலை 40 டிகிரி வரைதான் என்று கேனானே குறித்திருக்கிறது. சித்திரையில் ஈரோட்டுப் பக்கம் மொட்டை மாடி எப்படிச் சுடும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லைவ் வியூ ஓடினால் உள்ளேயும் சூடு ஏறும். திரையில் தெர்மாமீட்டர் படம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். நிழல் நகரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். காலையில் நிழலாக இருந்த மூலையில் பகல் 1 மணிக்கு வெயில் விழலாம். போர்த்தும் துணி வெள்ளையாக இருக்கட்டும் என்றதும் இந்தச் சூட்டுக்காகத்தான். பேட்டரியும் லைவ் வியூவில் வேகமாகத் தீரும், வ்யூஃபைண்டர் கணக்கில் பாதிகூட வராது. ஒரு எல்பி-ஈ10 பேட்டரி கூடுதலாக வாங்கி வையுங்கள், 600 எம்எம் லென்ஸின் விலையில் அது ஒரு மூலைகூட ஆகாது.

எங்கள் தோப்பில் சொட்டுநீர்க் குழாய் கசிந்து ஓர் இடத்தில் எப்போதும் ஈரமாக இருக்கும். ஐப்பசி வாக்கில் ஆறுமணிக்குருவி வடக்கிலிருந்து வந்து சேரும். பச்சை முதுகு, சிறகில் ஒரு நீலத் திட்டு, கண்மேல் கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு. இவ்வளவு நிறத்தை வைத்துக்கொண்டு கண்ணில் படாமலே திரியும். காலையும் மாலையும் குரல் மட்டும் கேட்கும். நடந்து போய்ப் பார்க்கலாம் என்று போனால் சருகு சலசலப்பதோடு சரி. கேமராவைக் கசிவு ஓரத்தில் தரையோடு தரையாக வைத்துவிட்டு, மோட்டார் ரூமுக்குள் போனோடு உட்கார்ந்தேன். முதலில் சருகு ஒன்று தானாகப் புரண்டது. அப்புறம் இன்னொன்று. பின்னாலேயே அது தத்தித் தத்தி வந்து, அலகால் ஓர் இலையைக் கவ்வி ஓரமாக எறிந்து, அடியில் இருந்த மண்புழுவை இழுத்தது. புழு பாதியில் நின்றது. குருவி காலை அகற்றி ஊன்றிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தது. வாலடிச் சிவப்பு முழுதும் தெரிந்தது. இழுத்து முடித்துவிட்டு லென்ஸுக்கு நேராக வந்து ஒரு கண்ணால் பார்த்தது. நான் அங்கே இருந்திருந்தால் இதில் ஒரு நொடியும் நடந்திருக்காது.

இந்த ஆப்பை நான் மதிப்பது அதற்காகத்தான். சோம்பேறித்தனமாகக் கீழே உட்கார்ந்து எடுக்கலாம் என்பதற்காக இல்லை. நாம் அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்கிறோம், பறவை அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. வேண்டுமென்றால் வருகிறது, வேண்டாமென்றால் போகிறது.


பதில்: கிணற்றடி, யாழ்ப்பாணம்

வணக்கம் அக்கா. எங்கட வீட்டில் கிணற்றடித் தண்ணீர் வாழைக்குப் போகும் வாய்க்காலில் மைனாவும் செண்பகமும் குளிக்க வரும். நானும் இதே மாதிரித்தான் எடுக்கிறனான். இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒன்று, கேமராவின் சொந்த வைஃபையைத்தான் பாவிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வீட்டு ரவுட்டர் மாடிவரைக்கும் எட்டுமென்றால், கேமராவை அந்த ரவுட்டரிலேயே சேர்த்துவிடலாம். கேமராவின் வைஃபை மெனுவில் ஸ்மார்ட்போன் இணைப்பைத் தெரிவுசெய்த பிறகு, நெட்வொர்க்கை மாற்றும் தெரிவு வரும். அதில் வீட்டு வைஃபையைத் தெரிவுசெய்து கடவுச்சொல்லைக் கொடுத்தால் சரி. கைத்தொலைபேசியும் அதே வைஃபையில் இருப்பதால் இணையம் இல்லை என்ற பேச்சே வராது, தாவலும் நடக்காது. தூரமும் ரவுட்டரைப் பொறுத்தது. நான் முன் விறாந்தையில் இருந்துகொண்டு பின்வளவைப் பார்க்கிறேன். மின்வெட்டு வந்தால் ரவுட்டரும் நின்றுவிடும், அது ஒன்றுதான் குறை.

இரண்டு, வைஃபையே வேண்டாம் என்றால் கம்பி இருக்கிறது. உங்கள் கேமராவில் மினி யூஎஸ்பி துளை உண்டு. யூஎஸ்பி கம்பியைக் கைத்தொலைபேசியோடு சேர்க்கும் ஓடிஜி இணைப்பான் போட்டுச் செருகி, உங்கள் கேமராவை ஏற்கும் ஆண்ட்ராய்டு ஆப்பால் இயக்கலாம். இணைப்பு அறுவதே இல்லை, காட்சியும் அவ்வளவாகப் பிந்தாது. ஆனால் இந்தவகைக் கம்பிக்கு 5 மீட்டர்தான் எல்லை. மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் இருக்க உங்களுக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

படம் பார்க்காமல் ஷட்டரை மட்டும் அழுத்தினால் போதுமென்றால், 2.5 மி.மீ. துளையில் செருகும் வயர் ரிமோட் மலிவாகக் கிடைக்கும். நட்சத்திரம், மின்னல் எல்லாம் எடுக்க அதுதான் நல்லம். குருவிக்கு, அது எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டுமே, ஆகவே ஆப்தான் சரி.


மீண்டும்: செல்வி, கவுந்தப்பாடி

மூவருக்கும் மிக்க நன்றி. சமையலறைச் சன்னலில் இருப்பது கம்பி வலைதான்! வீட்டு ரவுட்டரில் கேமராவைச் சேர்த்துவிட்டேன், இப்போது சமையலறையிலிருந்தே அறாமல் ஓடுகிறது. அட்டைப்பெட்டியை மாடியில் வைத்திருக்கிறேன். முதலில் வந்து உட்கார்ந்தது மைனா, அதுவும் பெட்டியின் தலைமேல்.

அண்ணா, இன்னொன்று கேட்க வேண்டும். வாசலில் உள்ள நந்தியாவட்டைச் செடியில் தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறது. உள்ளே குஞ்சுகளின் சத்தம் கேட்கிறது. கேமராவைப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் உள்ளே இருந்து எடுத்தால் தொந்தரவு இருக்காது அல்லவா? மகன் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.


பதில்: ஆனைமலை தோப்புக்காரர்

தங்கச்சி, கூட்டுப் பக்கம் கேமரா வேண்டாம். இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தண்ணீர்ச் சட்டிக்கு வரும் குருவிக்குப் பிடிக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போகும். கூட்டில் இருக்கும் தாய்க்கு வேறு போக்கிடம் இல்லை. பக்கத்தில் புதுப் பொருள் ஒன்று நின்றால், இரை கொண்டுவந்த தாய் கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கும், உள்ளே போகாது. நாம் உள்ளே இருந்து போனில் பார்த்து 'ஆஹா, நன்றாக உட்கார்ந்திருக்கிறது' என்று நினைப்போம். குஞ்சு அந்த நேரமெல்லாம் பசியோடு கிடக்கும். இன்னும் மோசமானது, காட்சி தெரிவதற்காக இலையை ஒதுக்குவது. இலையை ஒதுக்கினால் வெயில் நேராகக் குஞ்சின்மேல் விழும். அந்தத் தையலே மறைவுக்காகத்தான். அதோடு காக்கையும் வால்காக்கையும் நம்மைக் கவனித்துக்கொண்டே இருக்கும். நாம் ஒரு செடிக்கு அடிக்கடி போனால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிந்துவிடும். பூனைக்கும் நம் நடை வழிகாட்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குத் தந்திருக்கும் விளக்கத்திலேயே, காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது அடங்கியிருக்கிறது.

மகனிடம் இப்படிச் சொல்லுங்கள். தையல்சிட்டுக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கூட்டைவிட்டுக் கிளம்பிவிடும். அதுவரைக்கும் வாசலுக்கு எப்போதும் போல நடங்கள், செடிப் பக்கம் நின்று பார்க்க வேண்டாம். தாய் என்ன இரையைக் கொண்டுவருகிறது, எந்த வழியாக வருகிறது என்று சன்னலுக்குள் இருந்தே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். புழுவா, சிலந்தியா, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.

குஞ்சுகள் வெளியேறிய பிறகு குடும்பமாக அந்தப் பக்கமே சில நாள் சுற்றும். அப்போது உங்கள் கேமராவுக்கு வேலை இருக்கிறது. தையல்சிட்டும் தேன்சிட்டும் சட்டியில் இறங்கிக் குளிப்பது குறைவு. நனைந்த இலைமேல் விழுந்து புரண்டு குளிப்பதுதான் அவற்றுக்குப் பிடிக்கும். கூடு இருந்த செடியை விட்டுவிட்டு வேறொரு செடியைத் தேர்ந்தெடுங்கள். செம்பருத்தியோ கொய்யாவோ, அகல இலையுள்ளதாக இருக்கட்டும். மாலை 4 மணி வாக்கில் பூவாளியால் இலைகள் சொட்டச் சொட்ட நனைத்துவிட்டு, ஒரே ஒரு கிளையை முடிவுசெய்து, அந்த இலையில் ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். தையல்சிட்டு கொண்டைக்குருவியைவிட மிகச் சின்னது, அதனால் கேமராவை முக்கால் மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். ஓயாமல் துறுதுறுவென்று இருக்கும் பறவை, ஷட்டரை 1/1000-க்கு ஏற்றி, ஐஎஸ்ஓ-வை 1600 வரை கூட்டிக்கொள்ளுங்கள். அதனால் படத்தில் கொஞ்சம் பொடிப்புள்ளி தெரிந்தால் தெரியட்டும்.

மாடிச் சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுப்புழு வைக்கும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு சொரசொரப்பான கல் போடுங்கள், சின்னக் குருவிகளுக்குக் கால் பிடிக்க. மைனா பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டதா? அப்படியானால் நாளைக்கே பெட்டியை எடுத்துவிட்டுக் கேமராவை வைக்கலாம். லென்ஸுக்குமேல் ஒரு அட்டைக் குடையை மட்டும் நீட்டி வையுங்கள். மேலே உட்காரும் மைனா எச்சமிடும்.